ரங்கூனில் குண்டு விழுந்த நாளிலிருந்து போரை எண்ணாதீர்கள்

செட்டிநாட்டு வீடுகளில் பர்மாப் பேச்சை எடுத்தால் கதை பெரும்பாலும் 1941 டிசம்பர் 23-ல்தான் தொடங்கும். அன்றுதான் ரங்கூன் மீது ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டன. அப்புறம் மொகல் தெருவில் வட்டிக்கடையைப் பூட்டியது, கப்பலில் இடம் கிடைக்காதது, அரக்கான் வழியாகவோ தமு, இம்பால் வழியாகவோ காட்டில் நடந்தது என்று கதை நீளும். நான்கைந்து லட்சம் இந்தியர்கள் அப்படி வெளியேறினார்கள். எத்தனை ஆயிரம் பேர் வழியிலேயே இறந்தார்கள் என்பதற்குச் சரியான கணக்கே கிடையாது.

எல்லாம் உண்மைதான். ஆனால் அங்கிருந்து தொடங்கினால் ஜப்பான் ஏன் ரங்கூனுக்கு வந்தது என்ற கேள்வியே எழுவதில்லை. போரைப் பற்றிப் பேசும்போது நாம் செய்யும் முதல் தவறு அது.

பத்தாண்டு பின்னால் போக வேண்டும். 1931 செப்டம்பர் 18-ல் வடகிழக்குச் சீனாவில் உள்ள மஞ்சூரியாவின் முக்டென் நகருக்கு அருகே, ஜப்பானுக்குச் சொந்தமான ரயில் பாதையில் ஜப்பானிய ராணுவ அதிகாரிகளே வெடி வைத்தார்கள். பழியைச் சீனர்கள் மேல் போட்டு மஞ்சூரியாவைப் பிடித்தார்கள். டோக்கியோ அரசு அப்படி ஓர் உத்தரவு கொடுக்கவில்லை. ஆனாலும் பிடித்ததைத் திருப்பிக் கொடுக்க அதற்கு மனமும் இல்லை, துணிவும் இல்லை. மறு ஆண்டு மே மாதம் பிரதமர் இனுகாய், இளம் கடற்படை அதிகாரிகளால் சுட்டுக் கொல்லப்பட்டார். ஐ.நா.வுக்கு முன்பிருந்த உலக நாடுகளின் அமைப்பான சர்வதேச சங்கம் லிட்டன் குழுவை அனுப்பி விசாரித்தது. அறிக்கை பிடிக்காமல் 1933-ல் ஜப்பான் சங்கத்தை விட்டே வெளியேறியது. வேறு ஒன்றும் நடக்கவில்லை.

இரண்டாவது தவறு, கேட்ட இடம் கிடைத்துவிட்டால் ஆசை அடங்கிவிடும் என்று நம்புவது. மஞ்சூரியாவில் நிலக்கரி இருந்தது, இரும்பு இருந்தது, குடியேற நிலமும் இருந்தது. ஆனால் மஞ்சூரியாவைக் காக்க வட சீனா கையில் இருக்க வேண்டும் என்றார்கள் தளபதிகள். 1937 ஜூலையில் பெய்ஜிங்குக்கு வெளியே மார்க்கோ போலோ பாலத்தில் தொடங்கிய மோதல் முழுப் போராயிற்று. ஒரு மாதத்தில் முடித்துவிடலாம் என்று போர் அமைச்சர் சுகியாமா பேரரசரிடம் சொன்னார். டிசம்பரில் சீனத் தலைநகர் நான்கிங் விழுந்து, அங்கே பெரும் படுகொலையும் நடந்தது. சீனத் தலைவர் சியாங் கை ஷேக் சரணடையவில்லை. அரசை உள்நாட்டுக்குள், கடைசியில் சோங்சிங்குக்கே, கொண்டுபோய்விட்டார்.

பழைய கடனுக்கு வட்டி கட்டப் புதுக்கடன் வாங்குகிற ஆளை நம் ஊர்க்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். சீனாவில் சிக்கிய ஜப்பானும் அப்படித்தான் நடந்துகொண்டது. படைகளை நகர்த்த எண்ணெய் வேண்டும். அதில் சுமார் 80 சதவீதம் அமெரிக்காவிலிருந்து வந்துகொண்டிருந்தது. சீனாவை வீழ்த்த அதற்கு வெளியிலிருந்து வரும் சரக்கை நிறுத்த வேண்டும். 1940 செப்டம்பரில் பிரெஞ்சு இந்தோசீனாவின் வடபகுதியில் (இன்றைய வட வியட்நாமில்) படையை இறக்கி ஹைபோங்கிலிருந்து போகும் ரயில் வழியை அடைத்தார்கள். மிச்சம் இருந்த முக்கிய வழி எது தெரியுமா? ரங்கூன் துறைமுகத்தில் இறக்கி, ரயிலில் லாஷியோ கொண்டுபோய், அங்கிருந்து மலைச் சாலையில் குன்மிங் போகும் பர்மா சாலை. ஜப்பான் மிரட்டியதும் பிரிட்டன் 1940-ல் அதை மூன்று மாதம் மூடிக்கூடப் பார்த்தது. ரங்கூனுக்கு வந்த ஆபத்து பெரிதும் சீனாவில் முடியாமல் கிடந்த அந்தப் போரிலிருந்து வந்ததுதான்.

அமெரிக்கா எண்ணெயை நிறுத்தியதால்தான் போர் வந்தது என்று சொல்வோரும் உண்டு. பாதி உண்மை. 1941 ஜூலையில் ஜப்பான் தெற்கு இந்தோசீனாவிலும் படையை இறக்க முனைந்தது. அதற்குப் பிறகே அமெரிக்கா ஜப்பானின் சொத்தை முடக்கியது, எண்ணெயும் நின்றது. கையிருப்பு ஏறக்குறைய இரண்டு ஆண்டுக்குத்தான். சீனாவிலிருந்து வெளியேறுவது ஒரு வழி, டச்சு இந்தியத் தீவுகளின் (இன்றைய இந்தோனேசியா) எண்ணெய்க் கிணறுகளைப் பிடிப்பது இன்னொரு வழி. சீனாவில் இத்தனை பேரைப் பலி கொடுத்துவிட்டுத் திரும்புவதா என்று அப்போதைய போர் அமைச்சர் தோஜோ மறுத்துவிட்டார். என் கணிப்பில் போரைத் தீர்மானித்தது எண்ணெயைவிட இந்தப் பதில்தான்.

அவர்களுக்கு விளைவு தெரியாது என்றும் நினைக்கக் கூடாது. 1941 செப்டம்பர் தொடக்கத்தில், தெற்கே மூன்று மாதத்தில் வேலை முடியும் என்று அதே சுகியாமா, இப்போது தரைப்படைத் தலைமைத் தளபதியாக, சொன்னபோது, சீனாவை ஒரு மாதம் என்றீர்களே, நான்கு ஆண்டாகியும் முடியவில்லையே என்று பேரரசர் ஹிரோஹிட்டோ கடிந்துகொண்டதாகப் பிரதமர் கோனோயே எழுதிவைத்திருக்கிறார். சீனா பரந்த நாடு என்றாராம் தளபதி. பசிபிக் அதைவிடப் பரந்ததாயிற்றே என்றாராம் பேரரசர். அதற்கு முந்தைய மாதமே அரசின் சொந்த ஆய்வு நிறுவனத்து இளம் அதிகாரிகள் கணக்குப் போட்டு, தோற்போம் என்று சொல்லியிருந்தார்கள். கேட்டார்கள், ஆனால் நிறுத்தவில்லை. டிசம்பரில் பேர்ல் ஹார்பர் தாக்கப்படுவதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன்பே மலாயாவின் கோத்தா பாருவில் படை இறங்கியது. 1942 மார்ச் 8-ல் ரங்கூன் விழுந்தது.

எல்லாம் ஒரு வெறியன் செய்த வேலை என்பதும் இங்கே பொருந்தாது. ஜெர்மனியில் ஹிட்லரைக் காட்டிவிடலாம். ஜப்பானில் அப்படி ஒருவரைக் காட்டுவது கஷ்டம். தரைப்படையும் கடற்படையும் ஒன்றையொன்று நம்பாமலேயே சேர்ந்து போனார்கள்.

நம் பக்கத்துத் தவறு ஒன்று மிச்சம் இருக்கிறது. ஜப்பான் செய்ததை மட்டும் ஆக்கிரமிப்பு என்கிறோம். 1852-ல் பிரிட்டன் கீழ் பர்மாவைப் பிடித்ததை, கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப், போனவர்களுக்குக் கதவு திறந்த ஆண்டாகச் சொல்கிறோம். ஐராவதி டெல்டாவில் காடு திருத்தி நெல் விளைந்ததற்குப் பெரும்பணம் செட்டியார் கடைகளிலிருந்து போனது உண்மை. நகரத்தாருக்கு நிலத்தில் ஆசை இல்லை, வட்டியோடு பணம் திரும்பினால் போதும் என்பதும் உண்மைதான். ஆனால் 1930-க்குப் பிறகு நெல் விலை சரிந்தது, அடமான நிலங்கள் கைமாறின. கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் செட்டியார்களிடம் இருந்தது 6 சதவீத நிலம், 1937-ல் 25 சதவீதம். பர்மிய விவசாயி இதை எந்தக் கண்ணால் பார்த்திருப்பான்? ஆசியா ஆசியருக்கே என்று சொல்லிக்கொண்டு வந்த ஜப்பானியரோடு பர்மிய விடுதலைத் தலைவர் ஆங் சானின் படையும் நடந்து வந்தது அந்தப் பின்னணியில்தான். அந்தப் படையே 1945 மார்ச்சில் ஜப்பானுக்கு எதிராகத் திரும்பியது வேறு விஷயம்.

நிலம் போனதையும் ஜப்பான் கணக்கிலேயே எழுதிவிடுகிறார்கள். ஜப்பான் தோற்ற பிறகு பலர் பர்மாவுக்குத் திரும்பிப் போய்ப் பழைய பத்திரங்களோடு காத்திருந்தார்கள். 1948-ல் சுதந்திர பர்மாதான் நிலத்தைத் தேசியமயமாக்கும் சட்டம் கொண்டுவந்தது. 1963, 64-ல் தளபதி நே வினின் ராணுவ அரசு வங்கிகளையும் கடைகளையும் எடுத்துக்கொண்டது.