பேட்ச் வந்த ராத்திரி என்ன செய்வது? பில்ட் பற்றிய கருத்துகளைப் படிக்கப் பழகும் செய்முறை

ஒருநாள் ராத்திரி பதினோரு மணிக்கு சித்தி மகன் போன் செய்தான். "அண்ணா, என் பில்ட் செத்துப்போச்சு. கேரக்டரை டெலீட் பண்ணிட்டேன்."

"பேட்ச் நோட்ஸ் படிச்சியா?"

"இல்லண்ணா. எல்லாரும் சொல்றாங்க, நெர்ஃப் பண்ணிட்டாங்களாம்."

பேட்ச் என்பது விளையாட்டில் தயாரிப்பாளர்கள் செய்யும் மாற்றம், என்னென்ன மாறியது என்ற பட்டியல்தான் பேட்ச் நோட்ஸ். அவனுடையது 62ஆம் லெவல். ஒரு வாரம் தூக்கம் கெட்டு வளர்த்த கேரக்டர். எவ்வளவு குறைத்தார்கள் என்று கேட்டேன், அவனுக்குத் தெரியவில்லை. மறுநாள் நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தோம். அந்தக் கணக்கு மூன்றாவது படியில் வருகிறது. டயாப்லோ, பாத் ஆஃப் எக்ஸைல் மாதிரியான ஆக்‌ஷன் ஆர்பிஜி (அரக்கர்களைக் கொன்று கேரக்டரை வளர்க்கும்) விளையாட்டுகளுக்குப் புதிதாக வருபவர்கள், மற்றவர்களின் கருத்தை எப்படிப் படித்துத் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்வது என்பதுதான் இந்தச் செய்முறை. ஒரு நோட்டு, ஒரு பேனா, போனில் ஸ்டாப்வாட்ச் இருந்தால் போதும்.

படி 1: நாலு சொல் தெரிந்துகொள்ளுங்கள்

ஸ்கில் (திறமை), பாஸிவ் (தானாக எப்போதும் இருக்கும் பலன்), ஐட்டம் (ஆயுதம், கவசம் போன்றவை) மூன்றும் சேர்ந்ததுதான் பில்ட். நெர்ஃப் என்றால் பலத்தைக் குறைப்பது, பஃப் என்றால் கூட்டுவது. அந்த நேரத்தில் ஊரே ஆடும் பில்ட்களுக்கு மெட்டா என்று பெயர். போட்ட புள்ளிகளைத் திரும்ப எடுத்து வேறு இடத்தில் போடுவது ரீஸ்பெக். மற்றவை போகப் போகப் பழகிவிடும்.

படி 2: சொல்பவர் எங்கே நிற்கிறார் என்று பாருங்கள்

"இந்த பில்ட் செம", "இந்த பில்ட் வேஸ்ட்" என்று யார் சொன்னாலும் முதலில் நாலு விஷயம் தேடுங்கள். எந்த வெர்ஷன்? எந்த லெவல்? கையில் என்ன ஐட்டம்? செத்தால் எழுந்து வரும் சாஃப்ட்கோரா, ஒரு தடவை செத்தால் கதை முடியும் ஹார்ட்கோரா? இந்த நாலும் இல்லாத கருத்தை டீக்கடைப் பேச்சாக எடுத்துக்கொள்ளுங்கள். சுவாரசியமாக இருக்கும், அதை நம்பிப் புள்ளி போடக்கூடாது.

டயாப்லோ 2-இல் இருந்து ஒரு உதாரணம். பலடின் என்ற கிளாஸில் (கேரக்டர் வகை) பிளெஸ்ட் ஹேமர் என்றொரு ஸ்கில். மந்திரச் சுத்தியல் ஒன்று நம்மைச் சுற்றிச் சுருள் சுருளாக வெளியே போகும். இதை வைத்துக் கட்டும் பில்டுக்கு ஹேமர்டின் என்று பெயர். "ஆரம்பத்தில் எதை எடுக்கலாம்" என்று கேட்டால் பத்தில் பாதிப் பேர் இதைத்தான் சொல்வார்கள். தப்பில்லை. இதன் டேமேஜ் (அடி) மேஜிக் வகை, அதைத் தாங்கும் அரக்கர்கள், நார்மல், நைட்மேர், ஹெல் என்ற மூன்று டிஃபிகல்ட்டிகளில் (கடினநிலை) கடைசியான ஹெல்லில்கூடக் குறைவு.

ஆனால் வீடியோவில் என்ன காட்டுகிறார்கள்? பலடின் கண் சிமிட்டும் நேரத்தில் அறைக்கு அறை டெலிபோர்ட் ஆகிறான், சுத்தியல் சுழல்கிறது, எல்லாம் சாகிறது. டெலிபோர்ட் பலடினின் ஸ்கிலே கிடையாது, மந்திரக்காரி கிளாஸான சார்சரஸுடையது. எனிக்மா என்ற ரூன்வேர்டுக் கவசம் போட்டிருப்பதால்தான் அவனுக்கு வருகிறது. ஜா, இத், பேர் என்ற மூன்று ரூன்களை (மந்திரக் கற்கள்), மூன்று துளை உள்ள கவசத்தில் இந்த வரிசையில் போட வேண்டும். இதில் ஜாவும் பேரும் கிடைப்பது குதிரைக்கொம்பு. கிடைத்தாலும் 65ஆம் லெவல் வந்தால்தான் அணிய முடியும். உங்கள் பலடினுக்கு 18ஆம் லெவல் வரை சுத்தியலே கிடையாது. அதுவரை 6ஆம் லெவலில் வரும் ஹோலி ஃபயரை வைத்து ஒப்பேற்ற வேண்டும்.

ஆக, "ஹேமர்டின் பறக்கும்" என்பது உண்மை, எனிக்மாவோடு. உங்களுக்கு உதவுவது "டால், தூல், ஆர்ட், ஆம்ன் நாலையும் வைத்து ஸ்பிரிட் ரூன்வேர்டு செய்தேன், 25ஆம் லெவலிலேயே போட்டேன், எல்லா ஸ்கிலும் 2 கூடியது" என்று சொல்பவரின் கருத்து. அவர் வீடியோ இரண்டு பேர்தான் பார்த்திருப்பார்கள். பரவாயில்லை, அவர்தான் உங்களுக்குப் பக்கத்து வீட்டுக்காரர்.

இன்னொன்றும் கவனியுங்கள். ஹேமருக்கு விகர், பிளெஸ்ட் எய்ம் என்ற இரண்டு ஸ்கில்கள் சினர்ஜி, அதாவது கூடுதல் பலம், தருகின்றன. ஒவ்வொன்றிலும் போடும் ஒவ்வொரு புள்ளிக்கும் 14% டேமேஜ். இரண்டிலும் 20 போட்டால் 560%. மோதிரம், தாயத்து கொடுக்கும் கூடுதல் லெவல்கள் இந்தக் கணக்கில் வராது, உங்கள் கையால் போட்ட புள்ளி மட்டுமே. இது தெரியாமல் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புள்ளியை இறைத்துவிட்டு "ஹேமர் அடிக்கவே மாட்டேங்குது" என்று புலம்புபவர்களின் கருத்தும் கருத்துதான். அதனால்தான் புள்ளி எங்கே போட்டார் என்றும் கேட்க வேண்டும்.

படி 3: பேனாவை எடுங்கள்

இந்தப் படியில்தான் பெரும்பாலானவர்கள் சறுக்குகிறார்கள். நானும் பல வருஷம் சறுக்கியவன்தான்.

டேமேஜ் கூட்டும் விஷயங்கள் இரண்டு வகை. ஒன்று, கூட்டல் வகை: எல்லாம் ஒரே உண்டியலில் விழும். இன்னொன்று, பெருக்கல் வகை: ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பெருக்கும். பாத் ஆஃப் எக்ஸைலில் முதலாவதை இன்கிரீஸ்ட் என்றும், இரண்டாவதை மோர் என்றும் எழுதுவார்கள். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே அர்த்தம், விளையாட்டில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். டயாப்லோ 4-இல் பெருக்கல் வகைக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் எக்ஸ் போட்டிருக்கும்.

பேட்ச் நோட்ஸில் இப்படி ஒரு வரி என்று வையுங்கள்: "இன்கிரீஸ்ட் டேமேஜ் 100% ஆக இருந்தது, இனி 80%." பார்த்தால் ஐந்தில் ஒரு பங்கு போச்சு என்று தோன்றும். நோட்டில் எழுதுங்கள்.

பழைய ஆட்டக்காரர் ஒருவரிடம் மொத்தம் 400% இன்கிரீஸ்ட் இருக்கிறது. அவர் அடி அடிப்படையைப் போல 5 மடங்கு. பேட்சுக்குப் பின் 380%, அதாவது 4.8 மடங்கு. இழப்பு 4%. அவருக்குக் கொசுக்கடி.

புதியவரிடம் அந்த 100% மட்டும்தான் இருக்கிறது. 2 மடங்காக இருந்தது 1.8 ஆகிறது. இழப்பு 10%.

ஒரே வரி. ஒருவர் "ஒண்ணுமில்லப்பா" என்கிறார், இன்னொருவர் "கஷ்டமா இருக்கு" என்கிறார். இரண்டு பேரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள்.

இப்போது வேறொரு வரி: "மோர் டேமேஜ் 50% ஆக இருந்தது, இனி 40%." வெறும் 10 தானே குறைந்தது? 1.5 இருந்த இடத்தில் 1.4. எல்லாருக்கும் கிட்டத்தட்ட 6.7% இழப்பு, 400% வைத்திருப்பவருக்கும்கூட. நோட்ஸில் சின்னதாகத் தெரிந்த வெட்டுதான் பழைய கைகளை அதிகம் வலிக்கச் செய்கிறது.

தற்காப்புக் கணக்கு இன்னும் மோசம். டயாப்லோ 2-இலும் பாத் ஆஃப் எக்ஸைலிலும் அடியைத் தடுக்கும் ரெசிஸ்டன்ஸின் வழக்கமான உச்சம் 75%. எதிரி 100 அடித்தால் 25 உள்ளே வரும். அது 70% ஆனால் 30 வரும். குறைந்தது வெறும் 5, வாங்கும் அடி கூடியது 20%. "அஞ்சு பர்சன்ட்டுக்கு ஏன் இந்தக் கத்தல்" என்று கேட்பவர் இந்தக் கழித்தலைச் செய்து பார்க்காதவர்.

தம்பி கேஸ்? அவனிடம் 150% கூட்டல் வகை இருந்தது, பேட்ச் அதில் 20 குறைத்தது. 2.5 மடங்கு 2.3 ஆனது. 8%. அதற்குத்தான் கேரக்டரை அழித்தான்.

படி 4: கோபம் எதன் மேல் என்று பிரியுங்கள்

பேட்ச் வந்த அன்று எழும் சத்தத்தில் எண்களைப் பற்றிய கோபம் பாதிதான் இருக்கும். மீதி, போன நேரத்தைப் பற்றியது.

டயாப்லோ 4 வெளியானது 2023 ஜூன் 6. சரியாக ஆறு வாரம் கழித்து, ஜூலை 18 அன்று, முதல் சீசனுக்கு முன்பாக 1.1.0 பேட்ச் வந்தது. கிரிட்டிகல் டேமேஜ், வல்னரபிள் டேமேஜ், டேமேஜ் ரிடக்‌ஷன், கூல்டவுன் குறைப்பு என்று அடிக்கவும் தாங்கவும் உதவியவை எல்லாம் ஒரே மூச்சில் குறைந்தன. ஏற்கெனவே தடுமாறிக்கொண்டிருந்த சார்சரர் (மந்திரவாதி) கிளாஸுக்கும் வெட்டு. கூடவே ஒரு சின்ன வரி: டஞ்சனைவிட்டு (அரக்கர்கள் நிறைந்த குகை) வெளியேறும் நேரம் 3 வினாடியிலிருந்து 5 வினாடி.

டேமேஜ் வெட்டுக்குச் சமமாக அந்த 2 வினாடிக்கும் திட்டு விழுந்தது. யோசித்தால் நியாயம் புரியும். டேமேஜ் குறைந்ததை உணரக் கணக்குப் போட வேண்டும், அந்த 2 வினாடியை ஒவ்வொரு டஞ்சன் முடிவிலும் சும்மா நின்று அனுபவிக்க வேண்டும். அந்த வாரமே தயாரிப்பாளரான பிளிசார்ட் ஆட்கள் நேரலையில் வந்து, இப்படியொரு பேட்ச் இனி போடும் எண்ணமில்லை என்றார்கள். ஆகஸ்ட் 8 அன்று வந்த 1.1.1-இல் வெளியேறும் நேரம் பழையபடி 3 ஆனது, சார்சரருக்கும் பார்பேரியனுக்கும் பஃப் கிடைத்தது. ஜூலை 18 ராத்திரி சார்சரரை அழித்தவர், மூன்று வாரம் பொறுத்திருக்கலாம்.

எல்லா வெட்டும் இப்படித் திரும்பி வராது. 2021 ஜூலையில் பாத் ஆஃப் எக்ஸைலின் 3.15 பேட்சில், ஸ்கிலுக்குத் துணையாகச் சேர்க்கும் சப்போர்ட் ஜெம்களின் பெருக்கல் டேமேஜ் குறைந்தது, ஸ்கிலைப் போடத் தேவையான மானா என்ற சக்தியின் செலவு ஏறியது. ஆட்டக்காரர்களின் பலம் வருஷா வருஷம் ஊதிக்கொண்டே போகிறது, எங்கேயாவது பிடித்து நிறுத்த வேண்டும் என்பது தயாரிப்பாளர் தரப்பு. அதில் நியாயம் இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். அடியையும் செலவையும் ஒரே நாளில் தொட்டதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. புதிதாக வந்தவருக்கு எது வலிக்கிறது என்றே தெரியாமல் போய்விடும்.

எனவே ஒரு கருத்தைப் படிக்கும்போது நோட்டில் இரண்டு கட்டம் போடுங்கள். ஒன்றில் "எண்", இன்னொன்றில் "நேரம், எரிச்சல்". எது எதில் விழுகிறது என்று எழுதுங்கள். எண்ணை நீங்களே சரிபார்க்கலாம். எரிச்சலை நீங்கள் ஆடிப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

படி 5: ஸ்டாப்வாட்ச்

ஆடிப் பார்ப்பதற்கும் முறை உண்டு. தோன்றிய இடத்துக்குப் போய் நாலு பேரை அடித்துவிட்டு "ஆமா, டல்லா இருக்கு" என்று சொல்லக்கூடாது. "நெர்ஃப்" என்று காதில் விழுந்துவிட்டாலே கை டல்லாகத்தான் உணரும்.

டயாப்லோ 2 ஆடுபவர்களுக்கு நல்ல சோதனைக்கூடம் பிண்டில்ஸ்கின் என்ற அரக்கன். ஐந்தாம் ஆக்டில் (கதைப் பகுதி) ஆன்யா என்பவளைக் காப்பாற்றினால் அவள் பக்கத்தில் சிவப்பு போர்ட்டல் திறக்கும். உள்ளே நுழைந்து கொஞ்ச தூரத்தில் ஆள் நிற்பான். மேப் தேடும் வேலை இல்லை, அதனால் நேரம் ஒப்பிட வசதி. போர்ட்டலில் காலை வைத்ததும் வாட்சைத் தட்டுங்கள், அவன் விழுந்ததும் நிறுத்துங்கள். பத்து தடவை. ஒன்று மாற்றிவிட்டு (ஒன்றே ஒன்று!) மறுபடி பத்து தடவை.

இதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. பிண்டில்ஸ்கின் அன்டெட் (செத்தும் நடமாடும்) வகை, பிளெஸ்ட் ஹேமர் அந்த வகையைக் கூடுதலாக அடிக்கும். அங்கே மட்டும் அளந்தால் ஹேமர் இருப்பதைவிடப் பெரிதாகத் தெரியும். எனவே மெஃபிஸ்டோ என்ற இன்னொரு பெரிய அரக்கனையும் அளங்கள். அங்கே வழி தேட வேண்டியிருக்கும் என்பதால், அவன் எதிரே வந்ததும் வாட்சைத் தொடங்குங்கள்.

படி 6: வைத்துக்கொள்வதா, மாற்றுவதா

பத்து வினாடி வேலை பதினோரு வினாடி ஆனால் வைத்துக்கொள்ளுங்கள். பதினாறு ஆனால் மாற்ற யோசியுங்கள். ஒருபோதும் அழிக்காதீர்கள், ரீஸ்பெக் இருக்கிறதே. டயாப்லோ 2-இல் முதல் ஆக்டின் முதல் குவெஸ்ட் (கொடுத்த வேலை) முடித்தால் அகாரா என்பவள் ஒரு ரீஸ்பெக் தருவாள், ஒவ்வொரு டிஃபிகல்ட்டிக்கும் ஒன்று. நார்மலில் கிடைத்ததைச் செலவழிக்கலாம், ஹெல்லில் கிடைப்பதைப் பத்திரமாக வையுங்கள்.

படி 7: இப்போது உங்கள் கருத்தை எழுதுங்கள்

வெர்ஷன், லெவல், ஐட்டம், எங்கே அளந்தீர்கள், முன்பு எவ்வளவு, இப்போது எவ்வளவு. திட்ட வேண்டுமென்றால் அதற்குப் பிறகு திட்டுங்கள், யாரும் தடுக்க மாட்டார்கள்.

போன வாரம் தம்பியிடமிருந்து ஒரு மெசேஜ்: "அண்ணா, 41ஆம் லெவல், ஸ்பிரிட் கத்தி, நைட்மேர் மெஃபிஸ்டோ பத்து தடவை. கான்சென்ட்ரேஷன் ஆராவுக்கு முன்னாடி சராசரி 38 வினாடி, அதுல அஞ்சு புள்ளி போட்டதுக்கு அப்புறம் 29. கேம் நல்லாருக்கு. மெஃபிஸ்டோகிட்ட போற வழிதான் உயிரை எடுக்குது." கீழே நோட்டின் போட்டோ. நேரம் பார்த்தேன், ராத்திரி ரெண்டரை மணி. சித்திக்குத் தெரிந்தால் என்னைத்தான் திட்டுவாள்.