சைவம்தான், ஆனாலும் 84 கிலோ

பிறந்ததிலிருந்து முட்டைகூடத் தொட்டதில்லை. நாற்பது வயதில் 84 கிலோ. தப்பு தட்டில்தான் இருந்தது: குன்று மாதிரி சோறு, ஓரத்தில் ஒரு கரண்டி பொரியல்.

எடை குறைய, முதலில் எண்ணெயைக் கவனியுங்கள். கண்ணளவாக ஊற்றுவதை நிறுத்துங்கள். ஒரு மேசைக்கரண்டியில் சுமார் 120 கலோரி. நல்லெண்ணெய், தேங்காயெண்ணெய் எதுவானாலும் கணக்கு ஒன்றுதான். நான் காலையிலேயே அன்றைய எண்ணெயைச் சின்னக் கிண்ணத்தில் எடுத்து வைத்துவிடுவேன். தீர்ந்தால் தீர்ந்ததுதான்.

மதியம் கப்பால் அளந்து ஒரு கப் சோறு, இரண்டு கப் காய். காயைப் பாதி தின்றுவிட்டுச் சோற்றில் கை வையுங்கள். சாம்பாரை அடிவரை கலக்கி ஊற்றுங்கள். பருப்பெல்லாம் அங்கேதான் கிடக்கும்.

நாலு மணிப் பசிக்கு பஜ்ஜி வேண்டாம், சுண்டல். கொண்டைக்கடலையை முந்தின இரவே ஊறப்போட வேண்டும், மறந்தால் பஜ்ஜிக் கடைதான். வெந்த கடலை 100 கிராமில் 9 கிராம் அளவு புரதம். தாளிக்க ஒரு டீஸ்பூன் எண்ணெய், தேங்காய் பேருக்கு. என் மாமியார் இதைச் சுண்டலென்றே ஒத்துக்கொள்ளவில்லை.

காபியில் சர்க்கரையை ஒரேயடியாக நிறுத்தாதீர்கள். வாரம் அரை ஸ்பூனாகக் குறையுங்கள்.

பால், தயிரையும் விட்டவர்கள் வைட்டமின் பி12 பற்றி டாக்டரிடம் கேளுங்கள். சர்க்கரைக்கு மாத்திரை போடுபவர்கள் சோற்றைக் குறைக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

அப்புறம் இந்த ஒருபொழுது விரதம்: சோற்றை விட்டுவிட்டு ராத்திரி ஆறு தோசை. அதையும் நான் செய்து பார்த்தவள்தான்.