ஃபார்வர்டு கோச் ஆக வேண்டுமென்றால் பெஞ்சிலிருந்தே தொடங்கலாம்

கோச் ஆக ஆசைப்படும் கால்பந்து ஃபார்வர்டுகளிடம் (கோல் போடும் முன்வரிசை ஆட்டக்காரர்கள்) நான் முதலில் சொல்லும் பெயர் ஒலே குன்னார் சோல்ஷர். நார்வேக்காரர். இங்கிலாந்தின் மான்செஸ்டர் யுனைடெட் கிளப்பில் பல ஆட்டங்களை மாற்று ஆட்டக்காரராகப் பெஞ்சிலிருந்துதான் ஆரம்பித்தார். அங்கே சும்மா உட்காரவில்லை, எதிரணி டிஃபெண்டர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று கவனித்துக்கொண்டே இருந்தார். 1999 பிப்ரவரியில் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்கு எதிராகக் கடைசி 20 நிமிடத்தில் இறங்கி 4 கோல் போட்டார்!

நீங்களும் அடுத்த மேட்ச்சில் பந்தைப் பார்க்காதீர்கள் (கஷ்டம்தான்). எதிரணியின் ஒரே ஒரு சென்டர் பேக்கை (நடு டிஃபெண்டரை) மட்டும் 15 நிமிடம் பாருங்கள். பந்து விங்குக்கு (மைதானத்தின் ஓரத்துக்கு) போனதும் தனக்குப் பின்னால் யார் ஓடுகிறார் என்று திரும்பிப் பார்க்கிறாரா? எந்தப் பக்கம் திரும்பத் திணறுகிறார்? களைத்ததும் எவ்வளவு பின்வாங்குகிறார்? நோட்டில் எழுதுங்கள். ஹாஃப் டைமில் உங்கள் ஸ்ட்ரைக்கரிடம் ஒரே வாக்கியமாகச் சொல்லுங்கள். என்னிடம் வரும் பையன்கள் இரண்டாவது வாக்கியத்திலேயே தண்ணி பாட்டிலைத் தேடிப் போய்விடுவார்கள்.

அப்புறம், படிகளைத் தாண்டாதீர்கள். முழங்கால் காயத்தால் 2007-ல் ஓய்வு பெற்ற சோல்ஷர், முதலில் யுனைடெட்டின் ரிசர்வ் அணிக்குத்தான் பயிற்சி கொடுத்தார். பிறகுதான் மோல்டே கிளப். 2011, 2012 இரண்டு வருடமும் நார்வே லீக் பட்டம். இந்தியாவில் என்றால் அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் (ஏ.ஐ.எஃப்.எஃப்.) டி கோச்சிங் லைசென்ஸில் ஆரம்பியுங்கள். ஆடிய காலத்துப் பெயரை வைத்து நேராக சீனியர் அணி கேட்பது எனக்குப் பிடிக்காது. சின்னப் பையன்களோடு ஒரு சீசன் இருங்கள். அதிலும் டிஃபென்ஸ் பயிற்சியை உதவியாளரிடம் தள்ளாமல் நீங்களே எடுங்கள்.