தமிழ்99 பழகும்போது வேகத்தைக் கெடுக்கும் தவறுகள்

தங்கிலீஷில் அடித்துப் பழகிய பலர், தமிழுக்கென்றே உள்ள விசைப்பலகை அமைப்பான தமிழ்99-க்கு மாறிய கையோடு வேகத்தை அளக்க உட்கார்ந்துவிடுகிறார்கள். அது இப்போதைக்கு வேண்டாம். சில தளங்கள் ஐந்து தட்டலை ஒரு சொல்லாக எண்ணும், சில தளங்கள் இடைவெளி விட்டால்தான் எண்ணும். 'போய்க்கொண்டிருந்தார்கள்' நமக்கு ஒரே சொல் என்பதால், அந்த எண்ணை ஆங்கில வேகத்தோடு ஒப்பிட்டு மனம் தளர்வதில் அர்த்தமே இல்லை. உண்மையில் நேரத்தைத் தின்பது பிழைதான். ஒரு எழுத்தைத் தப்பாக அடித்து, பேக்ஸ்பேஸ் தட்டி, மறுபடி அடித்தால் ஒரு தட்டலுக்கு மூன்று தட்டல், அதோடு கை தன் ஓட்டத்தையும் இழந்துவிடும். பிழையில்லாமல் அடிக்க முடிகிற வேகம் எதுவோ, அந்த வேகத்திலேயே கொஞ்ச நாள் இருங்கள்.

அடுத்து, விசைகளின் மேல் ஸ்டிக்கர் ஒட்டுவது. ஒட்டினால் கண் கீழேயே போகும். எந்த விசையில் எந்த எழுத்து என்று காட்டும் படத்தை அச்செடுத்துத் திரைக்குப் பக்கத்தில் வையுங்கள். எஃப், ஜே விசைகளில் சின்ன மேடு இருக்கும், ஆள்காட்டி விரல்கள் அங்கேதான் இருக்க வேண்டும். தமிழ்99-இல் அவை புள்ளியும் ப-வும். உயிர் இடது கை, மெய் வலது கை என்று மனதில் பதித்துக்கொள்ளலாம், ஆனால் வ, ங இரண்டும் இடது கைக்கே வரும்.

தங்கிலீஷ் பழக்கத்தில் ஒவ்வொரு புள்ளியையும் தானே வைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு ஆதங்கமாகவே இருக்கும். 1999-இல் சென்னையில் நடந்த மாநாட்டை ஒட்டி, தமிழுக்காகவே யோசித்துச் செய்த அமைப்பு இது. ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக வந்துவிடும்: அம்மா என்பது அ, ம, ம, ஆ. ங-க, ஞ-ச, ண-ட, ந-த, ம-ப, ன-ற என்ற இணைகளிலும் அப்படித்தான். பந்துக்கு ப, ந, த, உ நான்கே தட்டல். 'மமதை' போலப் புள்ளி வரக்கூடாத இடத்தில் மட்டும் முதல் ம-வுக்குப் பிறகு ஒரு அ தட்டுங்கள்.

வேகம் ஓரிடத்தில் நின்றுபோனால் பெரும்பாலும் வலது ஆள்காட்டி விரலில்தான் சிக்கல். க, ப மட்டுமல்ல, ர, ற, ல, ள நான்கும் அந்த ஒரே விரலுக்கு. ற, ள மேலே, ர, ல கீழே. இதைக் கவனிக்காமல் நீளமான கட்டுரைகளையே திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருந்தால் தடுமாற்றம் அப்படியே தங்கிவிடும். அதற்குப் பதிலாக அரம்–அறம், கறை–கரை, பல்லி–பள்ளி, வலை–வளை, குரல்–குறள் என்று ஜோடி ஜோடியாக மெதுவாக அடியுங்கள். ழ மட்டும் சுண்டுவிரலுக்கு, அந்த விரலுக்கு வலு வரக் கொஞ்சம் நாளாகும்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் உட்கார்வதைவிட தினமும் கால் மணி நேரம் போதும். அப்புறம், அவசரத்தில் பழைய முறைக்குத் தாவாதீர்கள். அவசரமில்லாத வாட்ஸ்ஆப் பதில்களையும் சொந்தக் குறிப்புகளையும் முதலில் கணினியில் தமிழ்99-க்கு மாற்றிவிட்டு, அலுவலக வேலையைக் கடைசியில் மாற்றினால் தாவ வேண்டிய தேவையே வராது.