இடம் மாற்றிய கறிவேப்பிலைக் கன்று வாடினால் செய்யக் கூடாதவை

மரத்தடியில் முளைத்த கறிவேப்பிலைக் கன்றைப் பெயர்த்துத் தொட்டியில் வைத்தால் மறுநாளே இலை தொங்கிவிடும். உடனே ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றுவோம். அப்படி ஊற்றி ஊற்றியே போகிற கன்றுகள்தான் நிறைய.

மண்ணில் ஈரம் இருந்தும் ஏன் வாடுகிறது? நீரை உறிஞ்சுவது நுனி வேர்களும் அவற்றிலுள்ள மெல்லிய வேர்த்தூவிகளும். பெயர்க்கும்போது அவைதான் முதலில் அறுபடும். அதிலும் மரத்தடிக் கன்றுகளில் பல, விதை விழுந்து முளைத்தவை அல்ல. தாய்மரத்தின் வேரிலிருந்தே கிளம்பியவை. அவற்றுக்குச் சொந்த வேர் கொஞ்சம்தான் இருக்கும். இலைகளோ நீரை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். இந்த நேரத்தில் தொட்டி சேறாகிவிட்டால், காற்றில்லாமல் மிச்ச வேரும் அழுகிவிடும். நட்ட அன்று மண் முழுக்க நனைய ஒருமுறை ஊற்றுங்கள். அப்புறம் விரலை இரண்டு அங்குலம் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றினால் போதும். சின்னக் கன்றுக்குப் பெரிய தொட்டி வைத்தாலும் இதே வம்புதான். வேர் எட்டாத மண் நாள்கணக்கில் ஈரமாகவே கிடக்கும்.

வாடிய கன்றுக்கு உரம் போட்டுத் தேற்றப் பார்க்காதீர்கள். யூரியாவோ டிஏபியோ, மண்ணீரில் உப்பு கூடினால் வேருக்கு நீரை இழுப்பது இன்னும் சிரமமாகும். பச்சைச் சாணம் இளம் வேரைப் பொசுக்கிவிடும். கறிவேப்பிலை என்றாலே புளித்த மோர் ஊற்றுகிற பழக்கம் நம் வீடுகளில் உண்டு. புதுத் துளிர் வரும்வரை அதையும் தள்ளிவையுங்கள்.

வெயில் விரும்பும் செடிதானே என்று நேராக மொட்டைமாடிக்கு ஏற்றவும் வேண்டாம். ஒரு வாரம், பத்து நாள் வெளிச்சமான நிழலில் இருக்கட்டும். பிறகு காலை வெயிலில் தொடங்கிப் பழக்குங்கள்.

இலை குறைந்தால் நீர்ச்செலவு குறையும் என்பது சரிதான். ஆனால் புது வேர் விட உணவு தருவதும் அந்த இலைதான். வேர் மிகக் குறைவாக வந்த கன்றில் அடி இலைகள் சிலவற்றைக் கிள்ளலாம், மொட்டையடிக்காதீர்கள்.

எல்லாவற்றையும் விட மோசமானது, வேர் பிடித்ததா என்று கன்றை அசைத்தும் பிடுங்கியும் பார்ப்பது. புதிதாகக் கிளம்பும் வேர்கள் அதில் முறிந்துபோகும். இலை முழுதும் உதிர்ந்துவிட்டால்கூடத் தண்டை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். தோலுக்கு அடியில் பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. மேலே பழுப்பாக இருந்தால் கொஞ்சம் கீழே இறங்கிச் சுரண்டிப் பாருங்கள். துளிர்க்கச் சில வாரங்கள் ஆகும், மார்கழிக் குளிரில் நட்டது இன்னும் தாமதிக்கும். அடித்தண்டு வரை காய்ந்து பழுப்பாக இருந்தால் மட்டும் அந்தக் கன்றைக் கைவிடுங்கள்.