தடுப்பூசியால் பாதிப்பா? வழக்குக்கு முன் சிட்டை எழுதுங்கள்

ஊசி போட்ட இடத்தில் வீக்கம், ஓரிரு நாள் காய்ச்சல் எல்லாம் பெரும்பாலும் தானே சரியாகிவிடும். வலிப்பு வந்தது, ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று, கை கால் விளங்கவில்லை என்றால்தான் வழக்கு என்கிற இந்த வழி, அப்போதும் முதலில் வைத்தியத்தைப் பாருங்கள்.

செட்டிநாட்டு வீடுகளில் மொய்யையும் சீர் சாமானையும் சிட்டை, அதாவது குறிப்புப் பட்டியல், எழுதி வைப்போமே, அந்தப் பழக்கம்தான் இங்கே கைகொடுக்கும். ஊசி போட்ட நேரம், முதல் அறிகுறி தெரிந்த நேரம் இரண்டையும் அன்றைக்கே எழுதுங்கள். தாய் சேய் நல அட்டை, மருந்தின் பேட்ச் எண், பில்கள், டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாம் சேரட்டும். சிகிச்சைப் பதிவேட்டின் நகலை எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான விதி.

அப்புறம், பலர் விட்டுவிடுகிற வேலை ஒன்று இருக்கிறது. கிராம சுகாதார செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடமோ பாதிப்பை எழுத்தில் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். கடுமையான பாதிப்பென்றால் மாவட்ட அளவில் விசாரணை நடக்கும், ஊசிதான் காரணமா என்று நிபுணர் குழு பார்க்கும். அந்த அறிக்கையைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பதிலுக்கு 30 நாள் கெடு. ஊசிக்குப் பின் வந்தது என்பது மட்டும் போதாது, ஊசியால் வந்தது என்று காட்ட வேண்டும், அதனால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

காசு கொடுத்துத் தனியாரிடம் போட்டிருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். காரைக்குடி, தேவகோட்டைக்காரர்களுக்குச் சிவகங்கை, திருமயம் பக்கம் என்றால் புதுக்கோட்டை. கெடு 2 வருஷம். அலர்ஜி இருக்கிறதா என்று கேட்காதது, காலாவதி மருந்தைப் போட்டது என்றால் ஆஸ்பத்திரி மேல் வழக்கு. மருந்திலேயே குறை என்றால் தயாரித்த கம்பெனி மேலும் போடலாம், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் அதற்கு இடமுண்டு.

எல்லாருக்கும் இலவசமாகப் போடும் அரசு நிலையம் என்றால் நுகர்வோர் வழக்கு நிற்காது, 1995-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் மனுவோ (அரசுக்கு எதிராக நேரே உயர் நீதிமன்றத்தில் போடுவது), சிவில் வழக்கோதான் போட வேண்டும்.

வக்கீலுக்குப் பணமில்லையே என்று விட்டுவிடாதீர்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவானாலும் இலவச சட்ட உதவி உண்டு, 15100-க்குப் போன் செய்யலாம். போகும்போது நகல்களை மட்டும் கொண்டுபோங்கள், அசல் வீட்டுப் பெட்டியிலேயே இருக்கட்டும்.