பழைய பைக் இன்ஜினில் கிராங்க்கின் எண்ட் ப்ளேயைச் சரிசெய்யும் முறை

தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தில் இன்றும் ஓடும் பழைய வண்டிகளின் இன்ஜினைப் பிரித்து மெயின் பேரிங் மாற்றும்போது, அது தாங்கும் கிராங்க் ஷாஃப்ட் (பிஸ்டனின் ஓட்டத்தைச் சுழற்சியாக்கும் தண்டு) இடவலமாக எவ்வளவு நகர்கிறது என்பதை அளந்த பிறகே கேஸை (இரு பாதியாகப் பிரியும் இன்ஜின் உறையை) இறுதியாக மூட வேண்டும். எண்ட் ப்ளே எனப்படும் அந்த நகர்வு அறவே இல்லாவிட்டால் பேரிங்குகள் பக்கவாட்டில் நெருக்கப்பட்டுச் சூடேறும்; மிகுந்துவிட்டால் ஆயில் சீல் தேய்வதுடன், தீப்பொறிக்கான பாயிண்டைத் திறந்து மூடும் கேம் கிராங்க் முனையிலேயே அமைந்த இன்ஜின்களில் தீப்பொறியின் நேரமும் நிலையாக நிற்காது.

ஷாஃப்டைத் தடுத்து நிறுத்துவது எது என்பதை முதலில் கண்டறிய வேண்டும். சில இன்ஜின்களில் ஸ்ப்ராக்கெட் நட்டை முறுக்கியதும் ஷாஃப்ட் ஒரு பக்கத்துப் பால் பேரிங்கோடு கவ்வப்பட்டுவிடும். அங்கே ஷிம் (இடைவெளியை நிரப்பும் மெல்லிய எஃகு வளையம்) கிராங்க்கின் இடத்தை மட்டுமே மாற்றும், ப்ளேயை மாற்றாது. இரு பேரிங்குகளுக்கு இடையில் கிராங்க்கின் கனத்த வட்டான ஃப்ளைவீல் தளர்வாக நிற்கும் இன்ஜின்களுக்கே கீழ்க்காணும் முறை பொருந்தும்.

கேஸைச் சுமார் 100 டிகிரி வரை சூடாக்கி, பேரிங்குகளை அவற்றின் இருக்கையில் அடிவரை அமர்த்துங்கள். அங்கே சிக்கிய சிறு பிசிறுகூட அளவைப் பொய்யாக்கும். பின்னர் கேஸும் கிராங்க்கும் ஒரே வெப்பநிலைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். சித்திரை வெயிலில் கிடந்த அலுமினியக் கேஸ், நிழலில் இருந்த கிராங்க்கைவிட 20 டிகிரி சூடாக இருந்தால், 100 மி.மீ. அகலத்துக்கு ஏறக்குறைய 0.05 மி.மீ. பிழை அதிலேயே வந்துவிடும்.

கேஸ்கட் உள்ள இன்ஜினானால் இறுதியில் போடப்போகும் அதே தடிமனில் கேஸ்கட் வைத்து, எல்லா போல்ட்டுகளையும் உரிய டார்க்கில் (முறுக்கு விசையில்) இறுக்குங்கள். நுண்ணிய நகர்வை முள்ளால் காட்டும் டயல் கேஜின் காந்த ஸ்டாண்ட் அலுமினியத்தில் ஒட்டாது என்பதால், ஓர் இரும்புப் பட்டையைக் கேஸில் போல்ட் போட்டு அதன்மேல் நிறுத்த வேண்டும். ஷாஃப்டை ஒரு பக்கம் முழுவதும் தள்ளி முள்ளைச் சுழியத்தில் வைத்து, மறுபக்கம் இழுத்துப் படியுங்கள். கிராங்க்கைக் கால் சுற்று கால் சுற்றாகத் திருப்பி மறுபடியும் அளந்து பாருங்கள். அழுத்திப் பொருத்தப்பட்ட கிராங்க் எளிதில் கோணிவிடும் என்பதால், சுத்தியலால் ஷாஃப்டின் முனையை அடிப்பது கூடாது.

அளந்த ப்ளே 0.55 மி.மீ., வேண்டியது 0.20 என்றால், போட வேண்டிய ஷிம் 0.35 மி.மீ. வேண்டிய அளவை அந்த வண்டியின் மேனுவலில் இருந்தே எடுக்க வேண்டும். அதில் இஞ்சில் இருந்தால், ஆயிரத்தில் ஒரு இஞ்ச் என்பது 0.0254 மி.மீ. மேனுவல் ஒரு வரம்பைத் தந்தால் அதன் கீழ்ப்பாதியையே நான் தேர்ந்தெடுப்பேன். அலுமினியம் எஃகைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு விரிவதால், 80 டிகிரி சூடேறியதும் 100 மி.மீ. அகலத்தில் ப்ளே சுமார் 0.09 மி.மீ. கூடிவிடும்; சூட்டில் இறுகிவிடுமோ என்ற பயம் இவ்வகை அமைப்பில் பெரும்பாலும் தேவையற்றது.

மொத்தத் தடிமன் தெரிந்த பிறகு அதை எந்தப் பக்கம் போடுவது என்பதில்தான் நிதானம் வேண்டும். கனெக்டிங் ராட் சிலிண்டரின் நடுவில் நிற்கிறதா என்று பார்த்து, இருபுறமும் ஃப்ளைவீலுக்கும் கேஸுக்கும் உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் (தடிமன் குறித்த மெல்லிய தகடுகளால்) ஒப்பிட்டு, ஷிம்மைப் பிரித்துப் போடுங்கள். பிரைமரி செயினின் நேர்கோடும் இதனால் நகரும். ஷிம் பேரிங்கின் உள்வளையத்தை மட்டுமே தொட வேண்டும், வெளிவளையத்தில் உரசினால் அரைபட்டுவிடும். ஒவ்வொன்றையும் மைக்ரோமீட்டரில் அளந்து வாங்குங்கள். தேவையான தடிமன் கிடைக்காவிட்டால், ஓசூர்ப் பக்கத்து சர்ஃபேஸ் கிரைண்டிங் பட்டறையில் தடித்த எஃகு ஷிம்மைத் தேய்த்து வாங்கலாம்.

ஷிம் போட்டபின் கேஸை மறுபடி முழு டார்க்கில் இறுக்கி அளவை உறுதிசெய்யுங்கள். ஆயில் சீல் போடுவதற்கு முன்பே கிராங்க்கைக் கையால் சுற்றிப் பாருங்கள். எந்த இடத்திலாவது பிடித்தால் ஷிம்மைத் தொடாமல், கிராங்க்கின் ரன்-அவுட்டையும் (சுழலும்போது தெரியும் கோணலையும்) பேரிங் அமர்ந்த விதத்தையும் முதலில் சோதிக்க வேண்டும்.